கைத்தையல் வேலை: களியக்காவிளை எல்லையோரத் தையல்கூடங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று இந்தச் சாலை நெடுகத் தையல்கடைகளும் சிறிய தையல்கூடங்களும் இருக்கின்றன. மெஷினில் தைத்து முடித்த துணி கடைசியில் வந்து சேருவது ஹெம்மிங் (ஓரம் மடித்துத் தைப்பது), ஹூக், ஃபால்ஸ் (சேலையின் கீழ் ஓரத்தில் உள்ளே வைத்துத் தைக்கும் பட்டி), குஞ்சம் செய்யும் பெண்களின் மடிக்குத்தான். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும், அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. நல்ல தையலும் பாதுகாப்பான தையலும் ஒரே பழக்கத்திலிருந்து வருபவை. தன் ஊசி இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவளின் தையல்தான் சுத்தமாக இருக்கிறது.

மெஷின் இருக்கும்போது கைத்தையல் எதற்கு?

மெஷின் தையல் இரண்டு நூலைப் பூட்டி இறுக்கும். உறுதி கிடைக்கும்; ஆனால் துணியின் இரு பக்கமும் தையல் கோடாகத் தெரியும். பிளவுஸ் கை ஓரம், பட்டுச்சேலை ஃபால்ஸ், சுடிதார் கழுத்துப் பட்டி இவற்றில் அந்தக் கோடு தெரியக் கூடாது. துணி உடலோடு அசையும் இடத்தில் கைத்தையல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். பிரிக்க வேண்டி வந்தாலும் துணியில் துளை விழாமல் பிரிக்கலாம். அதனால்தான் விலை கூடிய துணி எதுவும் கைத்தையல் இல்லாமல் கடையை விட்டுப் போவதில்லை.

எந்த நம்பர் ஊசி வாங்க வேண்டும்?

கை ஊசியில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். மெஷின் ஊசியில் இதற்கு நேர் எதிர்: 9 மெல்லியது, 16 தடித்தது. மெஷினிலிருந்து கைவேலைக்கு மாறுகிறவர்கள் குழம்புவது இதில்தான். பட்டு, ஷிஃபான், மெல்லிய காட்டன் என்றால் 9 அல்லது 10. சாதாரண பிளவுஸ் துணி, யூனிஃபார்ம் துணி என்றால் 7 அல்லது 8. கோட்டுத் துணி, திரைச்சீலை போன்ற கனத்துக்கு 5, 6. தடித்த ஊசியால் பட்டில் குத்தினால் துளை நின்றுவிடும். இஸ்திரி போட்டாலும் மூடாது. மெல்லிய ஊசியைக் கனத்த துணியில் தள்ளினால் வளையும், பிறகு ஒடியும். பெரும்பாலான ஊசி உடைவுக்குத் தவறான நம்பர்தான் காரணம்.

முனை மழுங்கிய ஊசியை அப்போதே மாற்றுங்கள். நகத்தின் மேல் முனையை லேசாக இழுத்துப் பார்த்தால் சுரண்டுகிறதா, வழுக்குகிறதா என்று தெரிந்துவிடும். சுரண்டும் ஊசி பட்டு இழையையும் அப்படித்தான் இழுக்கும்.

நூல் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது. என்ன செய்வது?

நீளத்தைக் குறையுங்கள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, அதாவது ஏறக்குறைய 45 செ.மீ. போதும். திரும்பக் கோர்க்கச் சோம்பல்பட்டு ஒன்றரை முழம், இரண்டு முழம் எடுப்பவர்கள் சிக்கு எடுப்பதிலேயே அதைவிட அதிக நேரத்தைக் கழிக்கிறார்கள். நீள நூலை இழுக்கக் கையை வீச வேண்டியிருக்கும். பக்கத்தில் இருப்பவரின் முகத்துக்கு நேரே ஊசி போவதும் அப்போதுதான்.

இன்னொன்று, நூலுக்கு முறுக்குத் திசை உண்டு. ரீலிலிருந்து வரும் முனையை முதலில் ஊசியில் கோர்த்துவிட்டு, பிறகு வேண்டிய நீளத்தில் அறுங்கள். அறுத்த முனையில் முடிச்சு விழட்டும். இப்படிச் செய்தால் முறுக்கு கலையாது. ஹூக், பட்டன் தைக்கும் நூலுக்குத் தேன்மெழுகு பூசினால் சிக்கும் குறையும், பிடிப்பும் கூடும். மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போன ஊர், மெழுகுக்கு இங்கே பஞ்சமில்லை. பூசிய நூலை இரண்டு தாளுக்கு நடுவே வைத்து இஸ்திரி ஓட்டிவிட்டால் துணியில் மெழுகுக் கறை படாது. பட்டுக்கும், ஜரிகை ஓரம் வைத்த கசவுத் துணிக்கும் மெழுகு வேண்டாம்.

கோர்க்கக் கண் தெரியவில்லை என்றால் ஊசிக்குப் பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடியுங்கள். நூலைச் சாய்வாக வெட்டுங்கள். நுழையவில்லையா, ஊசியைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து முயலுங்கள். பல்லால் கடித்து நூலை அறுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். வருடக்கணக்கில் அப்படிச் செய்தவர்களின் முன்பல்லில் சின்னப் பள்ளம் விழுந்திருப்பதை எந்தத் தையல்கூடத்திலும் பார்க்கலாம்.

விரல் தொப்பி போட்டால் கை ஓடமாட்டேன் என்கிறது. கட்டாயமா?

ஆரம்பத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். திம்பிள் என்று கடையில் கேட்டு வாங்கும் அந்தத் தொப்பி, ஊசி பிடிக்கும் கையின் நடுவிரலுக்கு. ஊசியின் காதுப் பக்கத்தைத் தள்ளுவது அதன் வேலை. அது இல்லாமல் நாள் முழுக்கத் தள்ளினால் நடுவிரல் நுனியில் தோல் காய்த்து, பிறகு வெடிக்கும். பிளவுஸ் ஹெம்மிங் மட்டும் செய்கிறவர் இல்லாமலும் சமாளிக்கலாம். ஹூக் பட்டி, ஜீன்ஸ், பல மடிப்பு சேரும் பெல்ட் இவற்றுக்கு நான் விட்டுக்கொடுப்பதில்லை. அளவு சரியாக இருக்க வேண்டும்: கையைக் கீழே தொங்கவிட்டு உதறினால் விழக் கூடாது, கழற்றினால் விரலில் வளையத் தடம் இருக்கக் கூடாது. உலோகம் வழுக்கினால் தோலில் செய்தது வாங்குங்கள்.

ஹெம்மிங் வெளியே தெரியாமல் இருக்க என்ன வழி?

மூன்று காரியங்கள் சரியாக அமைய வேண்டும்: மடிப்பு, ஊசியின் சாய்வு, இழுவை.

மடிப்பை முதலில் இஸ்திரியால் படிய வையுங்கள். அதன்பின் கச்சாத் தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட்டு நிறுத்துங்கள். அவசரத்தில் குண்டூசி குத்தித் தைப்பவர்கள் அதிகம். குண்டூசி துணிக்குள் மறந்து போகும், கையையும் கிழிக்கும். வெள்ளை நூலில் நீள நீளமாகக் கச்சா போட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. குண்டூசிதான் வசதி என்றால், தலை பெரிய வண்ணக் குண்டூசியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள்.

ஊசி துணியில் நிமிர்ந்து குத்தக் கூடாது. படுத்தாற்போல், வெளித்துணியின் ஒரே ஒரு இழையை மட்டும் தூக்கி, மடிப்பின் ஓரத்துக்குள் நுழைய வேண்டும். இரண்டு இழை தூக்கினாலே வெளியே புள்ளி தெரியும். தூக்கியது எத்தனை இழை என்று ஊசியின் மேலே பார்த்துவிட்டு இழுப்பவர்கள் தேறிவிடுகிறார்கள். அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டுத் தையல் பிளவுஸுக்கு அளவானது. சேலை ஃபால்ஸுக்கு அதைவிடக் குறைவாகப் போட்டாலும் நிற்கும்.

இழுவை என்று சொன்னேனே, அதில்தான் கை தேர்ந்தவரும் புதியவரும் பிரிவது. நூல் துணியில் படிய வேண்டும், துணியைப் பிடித்துச் சுருக்கக் கூடாது. நாலைந்து தையலுக்கு ஒருமுறை துணியை இரு பக்கமும் மெல்ல இழுத்துப் பாருங்கள். சுருக்கம் இருந்தால் அங்கேயே தெரியும். கோபமாகவோ அவசரமாகவோ இருக்கும் நாளில் தையல் இறுகும். இது தைக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படியான நாளில் பட்டு வேலையை எடுக்காமல் யூனிஃபார்ம் ஹூக் வைக்க உட்காருங்கள்.

முடிக்கும்போது ஒரே இடத்தில் இரண்டு பின்தையல் (ஊசியைப் பின்னுக்குத் திருப்பிப் போடும் தையல்) போட்டு, நூலை மடிப்புக்குள் ஓர் அங்குலம் ஓட்டி அறுங்கள். உடலில் உரசும் இடத்தில் பெரிய முடிச்சு வேண்டாம். குழந்தைத் துணியில் முடிச்சே வேண்டாம்.

கசவுச் சேலைக்கு ஃபால்ஸ் வைக்கும்போது ஜரிகை இழுபடுகிறதே?

ஓணத்துக்கு முன்னே வரும் வாரங்களில் இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பாலராமபுரம் நெசவு கேரளத்துக்கு உள்ளே இருந்தாலும் அதன் வேர் தமிழ்ப் பக்கத்தில் இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மாவின் காலத்தில் அங்கே குடியமர்த்தப்பட்ட சாலியர் குடும்பங்கள் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து போனவர்கள்தான். இன்று அந்தத் துணிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கையில் வரும் துணியை அந்த மரியாதையோடு தொடுங்கள்.

அசல் கசவு இழையில் நடுவே பட்டு நூல், அதைச் சுற்றி வெள்ளித் தகடு, அதன்மேல் தங்கப் பூச்சு. மலிவான கசவில் வெள்ளிக்குப் பதில் செம்போ பிளாஸ்டிக் படலமோ இருக்கும். எதுவானாலும் சுற்றியிருக்கும் தகட்டை ஊசி குத்திப் பிளந்தால் உள்நூல் வெளியே வரும். அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே ஊசி ஜரிகை இழையைத் துளைக்காமல் இரண்டு இழைக்கு நடுவே போக வேண்டும். 10ஆம் நம்பர் ஊசி, சேலை நிறத்துக்கு ஒத்த மெல்லிய நூல், நல்ல வெளிச்சம், இந்த மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள்.

ஃபால்ஸ் துணியை முதலில் தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். நனைக்காத காட்டன் ஃபால்ஸ் முதல் சலவையில் சுருங்கிச் சேலை ஓரத்தையும் சேர்த்துச் சுருட்டிவிடும். எத்தனையோ கடைகள் இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பதால் பெயர் கெட்டுக்கொள்கின்றன. பிறகு கீழ் ஓரத்தைச் சேலை ஓரத்துக்கு ஒரு நூல் உள்ளே வைத்துக் கச்சா போட்டு, ஊசியை உள்ளும் வெளியுமாக நேரே விடும் ஓட்டுத் தையல். மேல் ஓரம் ஹெம்மிங். சேலையை மடியில் குவிக்காமல் மேசை மேலோ பாய் மேலோ நீளமாக விரித்துத் தையுங்கள். தொங்கும் சேலையின் எடை தையலை இழுத்துக் கோணலாக்கும். மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

ஹூக், பட்டன் சீக்கிரம் பிய்ந்து வருகிறதே?

ஹூக்கின் இரண்டு வளையத்தையும் தைத்தால் மட்டும் போதாது. கொக்கியின் கழுத்துக்குக் கீழேயும் மூன்று தையல் போட வேண்டும். இல்லாவிட்டால் மூச்சு இழுக்கும்போதெல்லாம் ஹூக் நிமிர்ந்து பட்டியிலிருந்து எழும். வளையத்தைச் சுற்றிப் பட்டன்ஹோல் தையல் நெருக்கமாகப் போட்டால் ஓரம் நூலை அறுக்காது. பட்டனுக்கு அடியில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, குச்சியை உருவி, கீழே நூலை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி முடியுங்கள். காஜா (பட்டன் துளை) இருக்கும் துணியின் கனத்துக்கு இடம் கிடைக்கும். குழந்தைச் சட்டையில் பட்டனை இழுத்துப் பார்த்துவிட்டே அனுப்புங்கள். பிய்ந்த பட்டன் நேரே குழந்தையின் வாய்க்குத்தான் போகும்.

கையில் இல்லாதபோது ஊசியை எங்கே வைப்பது?

ஊசிமெத்தையில். வேறு எங்கும் கூடாது.

இதை இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேசிக்கொண்டே ஊசியை உதட்டில் கவ்வுவது, குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பது, தோளில் சேலை மேல் குத்தி வைப்பது, வளையலிலும் தாலிச் சரட்டிலும் மாட்டியிருக்கும் ஊக்கோடு சேர்த்துச் செருகுவது, இதெல்லாம் நம் பெண்கள் தலைமுறையாகச் செய்வது. ஒரு தும்மல், ஒரு சிரிப்பு, யாரோ பின்னாலிருந்து முதுகில் தட்டுவது போதும், வாயில் இருப்பது உள்ளே போய்விடும். தொண்டையோடு நிற்காமல் மூச்சுக்குழலுக்குள் போகவும் வாய்ப்புண்டு. தோளில் குத்திய ஊசி மறந்து போய் வீட்டுக்கு வரும். வாசலிலேயே பிள்ளை ஓடிவந்து தோளில் முகம் புதைக்கும்.

யாராவது ஊசியை விழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுப்பது, சோற்றுருண்டை விழுங்கச் சொல்வது, வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம். சாப்பிட ஒன்றும் தராமல் உடனே ஆஸ்பத்திரி. எஃகு ஊசி எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். எங்கே நிற்கிறது என்று பார்த்து டாக்டர் முடிவெடுப்பார்.

மேசை மேலும், உட்காரும் பாய் மேலும், நாற்காலிக் கைப்பிடியிலும் குத்தி வைப்பதும் இதே கணக்கில் சேரும். கத்தரிக்கோலை மூடி, கைப்பிடி எதிராளியின் பக்கம் இருக்கும்படி கொடுங்கள். மடியில் வைக்காதீர்கள்.

ஊசி உடைந்தாலோ தொலைந்தாலோ என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதிலேயே முக்கியமானது இதுதான்.

திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஊசிக்கென்று ஒரு பதிவேடு உண்டு. பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புதிய ஊசி. உடைந்தால் எல்லாத் துண்டையும் சேர்த்து டேப்பால் பதிவேட்டில் ஒட்டி, தேதி, பெயர், எந்தத் துணி என்று எழுதி, மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடுவார். வெளிநாட்டு வாங்குநர் கேட்கிறார் என்பதற்காகச் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்ப் பிளவுஸை உடுத்துகிற உடம்புக்கும் ஊசித் துண்டு குத்தினால் அதே வலிதான். ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். காலையில் ஆளுக்கு இத்தனை ஊசி என்று எண்ணிக் கொடுங்கள், மாலையில் எண்ணி வாங்குங்கள்.

ஊசி ஒடிந்தவுடன் எழுந்திருக்காதீர்கள். எழுந்தால் துண்டு உதிர்ந்து இடம் மாறும். இரு துண்டையும் சேர்த்து வைத்து முழு நீளம் வருகிறதா என்று ஒரு நல்ல ஊசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சின்ன முனை குறைந்தாலும் குறைவுதான். குறைந்தால் கையில் இருந்த துணியை வெள்ளைத் தாள் மேல் உதறி, பிறகு காந்தத்தை மடிப்பு மடிப்பாக ஓட்டுங்கள். காந்தத்தை ஒரு மெல்லிய துணிப்பைக்குள் போட்டு ஓட்டினால் ஒட்டியதைப் பிரிப்பது எளிது. ஓட்டுவதற்கு முன் ஒரு முழு ஊசியை வைத்து அது இழுக்கிறதா என்று சோதியுங்கள். எஃகு ஹூக்குகளும் காந்தத்தில் ஒட்டும், அவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டு தேடுங்கள். பித்தளை ஒட்டாது. அப்புறம் பாய், உங்கள் சேலை மடிப்பு, கூந்தல், தரை.

கிடைக்கவில்லையா, அந்தத் துணி அன்று கடையை விட்டுப் போகக் கூடாது. தனிப் பையில் போட்டு, மேலே சீட்டு எழுதி ஒதுக்கி வைத்து, மறுநாள் பகல் வெளிச்சத்தில் தையலைப் பிரித்துப் பாருங்கள். குழந்தைத் துணி என்றால் புதிதாகத் தைத்துக் கொடுப்பதே முறை. வாடிக்கையாளரிடம் தாமதத்துக்கான காரணத்தை நேராகச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று சொல்லவரவில்லை. கோபித்தாலும் அவர்களுக்கு நாம் தரவேண்டியது அதுதான்.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. உடைந்த ஊசிக்குக் கூலியில் பிடித்தம் செய்யும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஊசியின் விலை சில ரூபாய். பிடித்தம் செய்யும் கடையில் உடைந்த ஊசி யார் கண்ணுக்கும் படாமல் ஜன்னல் வழியே போகும், இன்னொரு துண்டு துணிக்குள்ளேயே இருக்கும். பிடித்தம் இல்லாத கடையில்தான் பெண்கள் பயமில்லாமல் கையைத் தூக்கி "அக்கா, ஊசி ஒடிஞ்சு போச்சு" என்று சொல்கிறார்கள். சேதத்துக்காகக் கூலியைப் பிடிக்கும் முன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டமும்கூட.

மலையாளம் பேசும் சேச்சிகளும் நம்மோடு உட்கார்ந்து தைக்கிற இடங்களில் இந்த விதிகளை இரு மொழியிலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஊசிமெத்தைக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில்.

ஊசி குத்திவிட்டால்?

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சுத்தமான துணியால் அழுத்துங்கள், பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்புங்கள். விரலை வாயில் வைத்துச் சூப்புவது நம் எல்லோருக்கும் கை தானாகச் செய்கிற பழக்கம். அதை நிறுத்த வேண்டும்.

டெட்டனஸ் கிருமி மண்ணிலும் புழுதியிலும் இருக்கிறது. துருப்பிடித்த ஊசியில்தான் வரும் என்பது தவறான நம்பிக்கை. தடுப்பூசி முறையாகப் போட்டவர்களுக்கு, கடைசி ஊசி போட்டுப் பத்தாண்டு ஆகவில்லையென்றால், சுத்தமான சிறு குத்துக்கு மறுபடி தேவைப்படாது. அழுக்கான ஆழக் காயத்துக்கு ஐந்தாண்டுக் கணக்கு. எந்த வருடம் போட்டது என்பதை வேலையில் சேரும்போதே நோட்டில் குறித்து வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவார்கள்.

ஒருவரைக் குத்திய ஊசியை இன்னொருவர் வாங்கித் தைக்கக் கூடாது. மஞ்சள்காமாலையில் ஹெபடைடிஸ் பி வகைக் கிருமி உலர்ந்த ரத்தத்தில் குறைந்தது ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். ஆளுக்கு ஒரு ஊசிமெத்தை, அதில் பெயர். இவ்வளவுதான் செலவு.

ஊசி ஒடிந்து விரலுக்குள் நின்றுவிட்டால் தோண்டாதீர்கள், அமுக்கித் தேய்க்காதீர்கள். கையை அசைக்காமல், மீதித் துண்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

துணியில் ரத்தம் பட்டுவிட்டது, எப்படி எடுப்பது?

உடனே, பச்சைத் தண்ணீரில். வெந்நீரும் இஸ்திரியும் பட்டால் கறை உறைந்து நின்றுவிடும். ஒரு வெள்ளைத் துணித் துண்டை நனைத்து ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். யாருடைய ரத்தமோ அவருடைய எச்சில் சின்னப் புள்ளியைக் கரைக்கும் என்று பழைய தையல்காரர்கள் செய்வது உண்மையில் பலிக்கிறது. வெள்ளைக் காட்டனில் நின்றுபோன கறைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. ஜரிகைக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

கழுத்தும் முதுகும் வலிக்கிறது, இரவில் கை மரத்துப் போகிறது. வயசு காரணமா?

பெரும்பாலும் உட்காரும் முறைதான். துணியைக் கண்ணுக்குத் தூக்குங்கள். கண்ணைத் துணிக்குக் குனியவிடாதீர்கள். மடியில் ஒரு தலையணை, அதன் மேல் துணி, முழங்கை ஊன்ற இடம். பாயில் உட்கார்ந்தால் முதுகுக்குச் சுவர் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் பதிய வேண்டும், எட்டாவிட்டால் ஒரு பலகை போடுங்கள். எந்த நல்ல இருப்பும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நல்லதில்லை. எழுந்து தண்ணீர் குடியுங்கள், விரல்களை விரித்து மடக்குங்கள், தோளைச் சுழற்றுங்கள்.

பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி, இவை மட்டும் மரத்து, அதுவும் இரவில் எழுப்பிவிடுகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதன் அடையாளம். விரல் மடங்கி, விரிக்கும்போது சொடக்கென்று விடுபட்டால் அது தசைநாண் வீக்கம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இரண்டும் அதிகம் வரும். தைலம் தேய்த்துக்கொண்டு வருடம் ஓட்டாமல் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் காட்டுங்கள். தொடக்கத்தில் கைக்குப் போடும் பட்டையும் ஓய்வும் போதும், முற்றினால் அறுவை வரை போகும். ஊசியை இறுக்கிப் பிடிக்கும் பழக்கமே இதற்குப் பெரிய காரணம். மழுங்கிய ஊசியும் வழுக்கும் ஊசியும்தான் நம்மை இறுக்கிப் பிடிக்க வைக்கின்றன என்பதால் மறுபடியும் ஊசியை மாற்றுங்கள் என்றே சொல்வேன்.

கடையில் கைவேலையும் கவுண்டரில் நிற்பதும் ஒருவரே என்றால், இருக்கை கேட்பது உங்கள் உரிமை. கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடைச் சட்டத்தைத் திருத்திப் பணியாளர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சொல்லிவிட்டன.

வெளிச்சம் எவ்வளவு வேண்டும்?

வலது கையால் தைப்பவருக்கு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும். அப்போதுதான் கையின் நிழல் ஊசி மேல் விழாது. ஐரோப்பிய ஒளித் தரம் தையல் வேலைக்கு 750 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கேட்கிறது. கூரையில் ஒரே ஒரு டியூப்லைட் எரியும் அறையில் அது கிடைக்காது. ஆளுக்கொரு மேசை விளக்கு வேண்டும். கறுப்புத் துணியைப் பகலில் ஜன்னலோரம் தைப்பதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் இருக்கும் எதையாவது இருபது வினாடி பாருங்கள். நாற்பது வயது தாண்டியவருக்கு வெள்ளெழுத்து வருவது இயல்பு. கண்ணாடி போடக் கூச்சப்பட்டால் கண்ணும் கழுத்தும்தான் சோர்ந்துபோகும்.

ஆரி வேலைக்கும் இதே விதிகளா?

ஆமாம், ஒன்று கூடுதல். ஆரி என்பது துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கொக்கி ஊசியால் செய்யும் பூவேலை. ஆரி ஊசியின் முனையில் கொக்கி இருப்பதால், சட்டத்துக்கு அடியில் நூல் கொடுக்கும் கையைக் குத்தினால் வெளியே வரும்போது சதையைக் கிழிக்கும். சட்டென்று இழுத்து உருவாமல், நுழைந்த வழியிலேயே மெல்லத் திருப்பி வெளியே எடுங்கள். வராவிட்டால் விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். ஜர்தோசி (உலோகக் கம்பிப் பூவேலை) கம்பியை வெட்டும்போது துண்டு கண்ணுக்குத் தெறிக்கும். உள்ளங்கையால் மூடிக்கொண்டு வெட்டுங்கள்.

மழைக்காலத்தில் ஊசி துருப்பிடிக்கிறதே?

நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு. வருடத்தில் பாதிக்கு மேல் காற்று ஈரமாகவே இருக்கும். மரத்தூளும் தேங்காய் நார்ச்சோறும் அடைத்த ஊசிமெத்தை ஈரத்தைப் பிடித்து வைக்கும். கம்பளித் துண்டோ, பழைய தலைமுடியோ அடைத்தால் அதில் உள்ள எண்ணெய்ப் பசை துருவைத் தடுக்கும். இரவில் மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். கை வியர்த்தால் பவுடர் கொஞ்சமாகப் பூசுங்கள். கறுப்பு, பட்டு என்றால் பவுடர் கறை படும், துண்டால் துடைத்துக்கொள்ளுங்கள். துருவின் சாயல் தெரிந்த ஊசியைத் தேய்த்துப் பயன்படுத்த நினைக்காதீர்கள். அதன் தடம் கசவுத் துணியில் மஞ்சள் புள்ளியாக நிற்கும்.

மீதி வேலையை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமா?

பலருக்கு அதில்தான் குடும்பம் ஓடுகிறது, அதனால் கூடாது என்று சொல்லமாட்டேன். எத்தனை ஊசி வீட்டுக்குப் போகிறது என்று நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். மூடியுள்ள டப்பா, பிள்ளைகள் எட்டாத உயரம். கட்டிலிலும் படுக்கைப் பாயிலும் உட்கார்ந்து தைக்காதீர்கள். கண் நன்றாகத் தெரிகிறது என்பதற்காகச் சின்னப் பிள்ளைகளை நூல் கோர்க்க உட்கார வைக்காதீர்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடப் பாடம் இருக்கிறது.

வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். அடிபட்டால் யாரிடம் போவது?

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கூடம் என்றால் முதலில் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். இது மத்திய அரசின் திட்டம் என்பதால் எல்லை குறுக்கே வராது. உங்களுக்கு வேலை செய்யும் ஊரில் ஒரு மருந்தகமும், குடும்பத்துக்குச் சொந்த ஊரில் இன்னொரு மருந்தகமும் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. வேலையில் ஏற்பட்ட காயத்தால் கை முடங்கினால் ஓய்வுக் காலத்துக்கு ஏறக்குறைய 90 சதவீதக் கூலி கிடைக்கும்.

சின்னக் கடையில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர் நல வாரியமும், கேரளத்தில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தையல் தொழிலாளர் நலநிதி வாரியமும் இருக்கின்றன. வேலைச் சான்று, குடியிருப்புச் சான்று இரண்டையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பதியுங்கள். ஈ.எஸ்.ஐ., பி.எஃப். இரண்டும் இல்லாத 16 முதல் 59 வயது வரையுள்ளவர்கள், அமைப்புசாராத் தொழிலாளருக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் அட்டையும் எடுக்கலாம். அந்த எண் இரு மாநிலத்திலும் செல்லும்.

"கைத்தையல்தானே" என்று மதிப்புக் குறைவாகப் பேசுகிறார்கள். என்ன பதில் சொல்வது?

இந்த மண்ணின் கதையைச் சொல்லுங்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பிறகு வந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததற்காகத் தெருவில் அடிபட்டார்கள், அவர்களின் துணி கிழிக்கப்பட்டது. 1819இல் கணவரோடு நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்குத் தையலும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். குப்பாயம் என்ற அந்தத் தளர்ந்த ரவிக்கைகள் ஒவ்வொன்றும் கையால் தைக்கப்பட்டவை. தையல் மெஷின் அப்போது இந்தப் பக்கம் வரவில்லை. 1859 ஜூலை 26இல் மன்னரின் அறிவிப்பு வந்த பிறகே நாடார் பெண்கள் எல்லோரும் ரவிக்கை அணிவதற்கு அரசின் ஒப்புதல் கிடைத்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. நம் பாட்டிகளின் பாட்டிகள் தைத்த சட்டைக்கு இருந்த விலை அது. நம் வேலையை யாரும் "தானே" போட்டுப் பேச இடம் கொடுக்காதீர்கள், கூலி பேசும்போதும்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலில் என்ன வேலை கொடுப்பது?

பழைய காட்டன் துணியில் ஓட்டுத் தையலும் பின்தையலும். அடுத்து யூனிஃபார்ம் ஹூக். ஜூன் மாதம் பள்ளி திறப்புக்கு முன்னே அந்த வேலை நிறைய இருக்கும், துணியும் மன்னிக்கும். ஹெம்மிங் கை பழகிய பின் பாலியெஸ்டர் பிளவுஸ், அப்புறம் காட்டன், கடைசியில் பட்டும் கசவும். பீஸ் கணக்குக் கூலியை முதல் மாதமே திணிக்காதீர்கள். எண்ணிக்கைக்காக ஓடுகிற கைதான் குண்டூசியை வாயில் வைக்கும். சேர்ந்த முதல் நாளே அவர் கையில் பெயர் எழுதிய ஊசிமெத்தையும் விரல் தொப்பியும் கொடுத்து, நோட்டில் ஊசியை எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உட்கார வையுங்கள்.